சுருளியம்மாள் உட்கார்ந்திருந்த இடம்

ஜெயபாக்கியம் மனு எழுதிக் கொடுக்கக் காசு வாங்க மாட்டாள். அதற்காக அவளைப் பெரிய தர்மவதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காசுக்குப் பதிலாக அவள் கதையை வாங்கிக்கொள்வாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும் என்று ஒருத்தி வந்து உட்கார்ந்தால், அந்தப் பெயருக்குரிய பிள்ளை எங்கே பிறந்தது, பிரசவம் பார்த்தது யார், மாமியார் வந்து எட்டிப் பார்த்தாளா, பார்த்தவள் என்ன சொன்னாள் என்பது வரைக்கும் கேட்டு முடித்துவிட்டுத்தான் பேனா மூடியைத் திருகுவாள். வந்தவள் நெளிவாள். "அக்கா, வெரசா எழுதுங்க, பஸ்சு போயிரும்" என்பாள். "அடுத்த பஸ்சு இல்லாமயா போச்சு? அதென்ன, அப்பறம் சொல்லு" என்பாள் ஜெயபாக்கியம்.

பிறந்தது தேவாரத்தில். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தாள். எழுபத்தொன்றில், இருபத்தெட்டு வயதில், தங்கப்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு போடிநாயக்கனூருக்கு வந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே தங்கப்பாண்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகக் கடை இருந்தது. மனிதர் அதிகம் பேச மாட்டார். பேசக்கூடியதை எல்லாம் மனைவியே பேசிவிட்டதால் அவருக்கு மிச்சம் ஏதும் இல்லை என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். எழுபத்துநான்கில் ஒரு நாள், மனுத்தாள் வாங்கிய சிலமலைக்காரர் ஒருவர், "இதுல யாரு தாயி எழுதித் தருவா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றார். "கொண்டாங்க" என்று கையை நீட்டினாள். நீட்டிய கை பிறகு ஓயவில்லை.

அவளுக்கென்று ஒரு நடை இருந்தது. "மேன்மை தங்கிய சமூகத்துக்கு, அபலையாகிய அடியாள் கண்ணீரும் கம்பலையுமாகச் சமர்ப்பிப்பது" என்று தொடங்கினால் ஒரு பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே வராது. அதில் அவள் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் நிற்பாள். மனுக்காரியின் வீட்டில் நிற்பாள், எதிராளியின் வீட்டில் நிற்பாள், எதிராளியின் மனசுக்குள்ளேயும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். "வஞ்சம் வைத்து, உள்ளுக்குள் சிரித்து, வெளியே நல்லவர்போல் நடித்து" என்று எழுதுவாள். யார் உள்ளுக்குள் சிரித்ததை யார் பார்த்தது என்று எட்டு வருடமாக ஒரு அதிகாரியும் கேட்கவில்லை. அவர்கள் மனுவைப் படித்தால்தானே கேட்பதற்கு?

எண்பத்திரண்டாம் வருடம் ஐப்பசியில் சுருளியம்மாள் வந்தாள்.

சிலமலைக்காரி. ஆறு வருடமாகக் கடைக்கு வந்துபோகிறவள். ஜெயபாக்கியத்தைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். பதினெட்டு வருடமாக ஏலக்காட்டில் காய் பறிக்கிறவள். விடியுமுன் போடிக்கு வந்து, ஜீப்பில் பதினான்கு பெண்களோடு பதினைந்தாவது ஆளாக இடித்துப் பிடித்து உட்கார்ந்து, மலை ஏறி, சாயங்காலம் இறங்குகிறவள். வேலுச்சாமி முதலாளியின் எஸ்டேட்டில் ஒரு சாக்குப் பச்சைக்காய் காணாமல் போயிருந்தது. பாதையோரம் மரத்தடியில் வைத்த சாக்கு, மதியக் கஞ்சிக்கு எல்லோரும் எழுந்து வந்தபோது இல்லை. அதைச் சுருளியம்மாள் ஓடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனதை, "பாதையில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்று கங்காணி ராஜாராம் முதலாளிக்குச் சீட்டு எழுதிவிட்டார். அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஒரு எஸ்டேட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. போடியில் ஏலக்காய் முதலாளிகள் தினமும் ஒருவரை ஒருவர் பார்க்கிறவர்கள். காய் திருடியவள் என்று பேர் விழுந்தால் எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள், எந்த ஜீப்பிலும் ஏற்ற மாட்டார்கள். வழக்கமாக அவளை ஏற்றிப் போகிற ஜீப்புக்காரன் அமாவாசை, மூன்றாம் நாள் காலையில் அவள் முகத்தைப் பார்க்காமலேயே, "எடமில்ல மதினி" என்று சொல்லிவிட்டான். பொட்டிபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் செல்லக்கிளியை அவள் மாமியார், "களவாணி மக, அஞ்சறைப் பெட்டிய பூட்டி வைக்கணும்" என்று சொன்னாளாம். சுருளியம்மாள் இதைச் சொன்னபோதுதான் அழுதாள். ஜீப்பு போனதற்கு அழவில்லை.

"சாக்கை யாருடி எடுத்திருப்பா?" என்று ஜெயபாக்கியம் கேட்டாள். அவள் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம்.

"தெரியலையேக்கா. ராஜாராம் கங்காணியே அங்கிட்டு தள்ளிவிட்டுட்டு என்னய மாட்டிவிட்டுட்டாருன்னு ஜீப்புல பேசிக்கிறாங்களாம்."

போதாதா? ஜெயபாக்கியம் பேனாவைத் திறந்துவிட்டாள். "மேற்படி ராஜாராம் என்பவர், யாரும் அறியாதபடி சாக்கைத் தாமே ஓடைக்கு அப்பால் கடத்திவிட்டு, அந்தப் பழியை அபலையாகிய அடியாள் தலையில் சுமத்தி" என்று இரண்டு பக்கத்துக்கு நிரப்பினாள். கடகடவென்று வாசித்தும் காட்டினாள். சுருளியம்மாள் தலையாட்டினாள். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, "அபலைன்னா என்னக்கா?" என்று கேட்டாள்.

"திக்கத்தவ."

"நான் திக்கத்தவ இல்லையே. எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காகளே."

"அது மனு பாஷைடி. கெடக்கட்டும்."

மறுநாள் மதியமே சுருளியம்மாள் திரும்பி வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. கடைப் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"மொதலாளி வாசிச்சுப் பாத்துட்டு, ராஜாராம் கடத்துனத நீ பாத்தியான்னு கேட்டாருக்கா."

"நீ என்ன சொன்ன?"

"பாக்கலைன்னேன். பாக்காம எப்படி எழுதுனேன்னு கேட்டாரு. நான் எங்க எழுதுனேன், அக்காதான எழுதுச்சுன்னேன். அவரு காய்க்கடைல அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. ராஜாராம் அங்கனதான் நின்னாரு. அவரு சிரிக்கல. பல்லக் கடிச்சாரு. களவாணிங்கிற பேரோட போனேன், கோள்மூட்டிங்கிற பேரையும் சேத்து வாங்கிட்டு வந்தேன்."

"ஏண்டி, பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?"

சுருளியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "பாக்காதத எப்படிக்கா பாத்தேங்கிறது?"

ஜெயபாக்கியத்துக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு யோக்கியமான பெண்ணின் பெயரில் தான் பொய் எழுதி, அந்தப் பொய்யை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருடத்தில் இப்படி எத்தனை பேருக்கு எழுதினோமோ என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆனால் இவளை அடித்துத் துவைத்தாலும் அந்தக் கேட்கிற புத்தி போகாது. இரண்டு நாள் வெட்கப்பட்டாள். மூன்றாம் நாள் அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு கேள்வி முளைத்துவிட்டது. அப்படியானால் இதை யார் சொல்லியிருக்க வேண்டும்?

எழுதிப் பார்த்தாள். முதலில் எல்லாப் பெண்களும் சேர்ந்து சொல்வதுபோல, "நாங்கள் பதினான்கு பேரும் அறிவோம்" என்று ஒன்று எழுதினாள். ஜீப்பில் போகிற அன்னக்கொடி என்பவளிடம் அதைக் காட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க எதப் பாத்தோம்? அவுக அவுக நெரையில குனிஞ்சு கெடந்தோம். கைநாட்டு வச்சா எங்களையும் பாத்தியான்னு கேப்பாரு" என்று அன்னக்கொடி நழுவிவிட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்து, தன் வாயாலேயே சொல்வதாக எழுதினாள். "சுருளியம்மாளை ஆறு வருடமாக நான் அறிவேன்" என்று தொடங்கி, ஒருமுறை கடையில் யாரோ விட்டுப்போன பையை அவள் ஓடிப்போய்க் கொடுத்தது வரை உருக்கமாக வந்திருந்தது. எழுதி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கியது. தங்கப்பாண்டியிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார்.

"நல்லா இருக்கா, இல்லையா? வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

"இதுல நீதான் தெரியுற, பாக்கியம்" என்றார். "அந்தப் பொம்பளையக் காணோம்."

அவர் பேசியதே அன்றைக்கு அவ்வளவுதான். அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தாளைக் கசக்கிப் போட்டாள். கோபம் ஆறிய பிறகு பொறுக்கி எடுத்துப் பார்த்தாள். மனிதர் சொன்னது சரிதான். பாதையையும் பார்த்ததில்லை, ஓடையையும் பார்த்ததில்லை, ஏலச்செடியைக்கூடக் காய்ந்த காயாகத்தான் பார்த்திருக்கிறாள். போடியில் பதினோரு வருடம் குடியிருந்துவிட்டு ஏலக்காட்டுக்குள் கால் வைக்காதவள், அதைப் பற்றி எட்டு வருடமாக மனு எழுதியிருக்கிறாள்!

சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பு நிறுத்தத்துக்குப் போய் அமாவாசையைப் பிடித்தாள்.

"நாளைக்கு எங்க ரெண்டு பேரையும் மலைக்குக் கூட்டிட்டுப் போ."

"யாரு ரெண்டு பேரு?" என்றவன், பின்னால் நின்ற சுருளியம்மாளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "ஞாயித்துக்கெழம லோடு கெடையாது. வண்டி என்னுது. அந்த எஸ்டேட்ட ஒட்டி எம் மச்சினன் தோட்டம் இருக்கு, ரெண்டும் ஒரே மாதிரிதான். எவன் கேப்பான்? காலைல ஆறு மணிக்கு வாங்க" என்றான். அவனுக்கும் உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜெயபாக்கியம் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. "கோயிலுக்கு?" என்றார் தங்கப்பாண்டி. "ஆண்டவருக்குத் தெரியும், அவருக்கு ஒண்ணும் எழுதிக் கொடுக்கணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வளைவுகளில் ஜீப்பு ஏற ஏற அவளுக்குக் குமட்டியது. ஆனாலும் வாய் மூடவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை மணிக்கு ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடிப்பீர்கள், மழை வந்தால் என்ன செய்வீர்கள், அட்டை கடித்தால் என்ன போடுவீர்கள்? "பொகையெலையும் சுண்ணாம்பும் தேச்சுக்கிருவோம்" என்று சுருளியம்மாள் சொல்லிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு மலையேறுகிறாள். குளிர்காற்று முகத்தில் பட்டதும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

மச்சினன் தோட்டத்துக்குள் போனதும் ஜெயபாக்கியம் அண்ணாந்து பார்த்தாள். ஏலச்செடி என்றால் இடுப்பளவு இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது ஆளை விட உயரமாக, ஒரு தூரிலிருந்து முப்பது நாற்பது தட்டை எழும்பி, தலைக்கு மேலே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. மேலே பெருமரங்களின் நிழல் வேறு. காலை எட்டு மணிக்கே உள்ளே மங்கலாக இருந்தது.

"காய் எங்கடி?"

"மேல பாக்காதீங்க. கீழ பாருங்க."

தூரடியில், தரையோடு தரையாகச் சரங்கள் படர்ந்து கிடந்தன. காய் அவற்றில்தான் இருந்தது. சுருளியம்மாள் குத்தவைத்து உட்கார்ந்து, தழைக்கு அடியில் தலையை நுழைத்தாள். அடுத்த நொடி அவளைக் காணோம்.

ஜெயபாக்கியம் அமாவாசையை அழைத்துக்கொண்டு பாதைக்கு ஏறினாள். எஸ்டேட்டில் கங்காணி எந்த மாதிரி இடத்தில் நிற்பார் என்று கேட்டாள். இதே மாதிரிதான் என்று ஒரு திட்டைக் காட்டினான். அதன் மேல் ஏறி நின்று பார்த்தாள். பச்சை இலைதான் தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே இலை.

"சுருளி! எங்கடி இருக்க?"

"இங்கனதாங்க்கா இருக்கேன்." குரல் பத்தடி தூரத்திலிருந்து வந்தது. ஒரு இலைகூட ஆடவில்லை.

"இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையே அமாவாசை. கங்காணி எப்படித்தான் மேய்ப்பாரு?"

"கண்ணால எங்க மேய்க்கிறது? காதாலதான். அரமணிக்கொருக்கா ஒவ்வொரு பேரா கூப்புடுவாரு. இருக்கேன்னு கொரல் குடுக்கணும். கொரல் வந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம்."

ஜெயபாக்கியத்துக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. திட்டிலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுருளியம்மாளுக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்தாள். முழங்கால் கெஞ்சியது. ஈரம் பின்பக்கம் ஏறியது. அங்கிருந்து பார்த்தால் உலகம் முழங்கால் உயரத்துக்கு மேல் இல்லை. தட்டைகளின் அடிப்பாகமும், சருகும், மண்ணும், தூரத்தில் பாதையில் அமாவாசையின் டயர் செருப்பும்தான் தெரிந்தன. செருப்புக்கு மேலே ஆள் யார் என்று கேட்டால் சத்தியம் பண்ண முடியாது.

"பதினெட்டு வருசமா நீ இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கியா?"

"வேற எதப் பாக்க?" என்றாள் சுருளியம்மாள், கை தன்பாட்டுக்குக் காயைத் தடவியபடி.

"அன்னைக்கு அவரு ஒம் பேரைக் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு. ரெண்டு வாட்டி."

"நீ கொரல் குடுத்தியா?"

சுருளியம்மாளின் கை நின்றது. "குடுக்கலக்கா."

"அய்யோ. ஏன்?"

"பூச்சி இருந்துச்சு."

மலையில் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் நிரையே எழுந்து ஓடிவிடும், அன்றைய வேலை கெட்டதற்குச் சொன்னவளைத்தான் எல்லோரும் வைவார்கள். அதனால் பார்த்தவள் பார்த்தபடி இருந்து, அது போன பிறகு அடுத்த தூருக்கு நகர்ந்துவிடுவாள். இது அங்கே எழுதாத சட்டம். சுருளியம்மாள் கையை நீட்டிக் காட்டினாள். ஒரு சரத்துக்கும் இன்னொரு சரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. "அதுவும் இது மாதிரி தூருதான். இங்கன சுருண்டு கெடந்துச்சு. பச்சக் கலரு. என் கை இங்கன இருந்துச்சு. மூச்ச விட்டாக்கூட கொத்திரும்னு கெடந்தேன். பேரு கேட்டுச்சு. வாயத் தொறக்க முடியல. எம் மகளத்தான் நெனச்சேன். எம்புட்டு நேரம்னு தெரியல, கால் மரத்துப் போச்சு. அது பைய எறங்கிப் போச்சு. நான் எந்திரிச்சுக் கஞ்சி குடிக்கப் போனேன். அங்க போனா சாக்கக் காணோங்கிறாக."

"இதை ஏண்டி முதல்லயே சொல்லல?" ஜெயபாக்கியம் கிட்டத்தட்டக் கத்திவிட்டாள்.

"யாரும் கேக்கலையேக்கா. எடுத்தியா எடுக்கலையான்னுதான கேட்டாக? நீங்களும் யாரு எடுத்தான்னுதான கேட்டீக."

ஊரில் உள்ளவர்களின் மாமியார் வரைக்கும் விசாரிக்கிற ஜெயபாக்கியம், எதிரே உட்கார்ந்திருந்தவளிடம், நீ எங்கே உட்கார்ந்திருந்தாய், என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. அது அவளுக்கு நன்றாக உறைத்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. ராஜாராம் திருடனாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. கூப்பிட்டார், குரல் வரவில்லை, சாக்கு இல்லை. அவரிடம் இருந்தது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு, தான் நிற்காத இடத்தில் நின்று, பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதினார். மனுவில் அவள் செய்ததும் அதேதான். அந்த மனிதர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கரைந்துபோனது. மிச்சப் பாதியை அவள் விடவில்லை.

ஜீப்பின் பின்பலகையில் தாளை வைத்து அங்கேயே எழுத உட்கார்ந்தாள். மேன்மை தங்கிய சமூகமும் இல்லை, அபலையும் இல்லை. சுருளியம்மாள் சொல்லச் சொல்ல, அவள் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு ஒரு அடிகூட நகராமல் எழுதினாள். கை பழக்கதோஷத்தில் இரண்டு தடவை ஓடைப்பக்கம் எட்டிப் பார்க்கப் போனது. அடித்துவிட்டாள். சாக்கை யார் எடுத்தார்கள் என்பதற்கு, "எனக்குத் தெரியாது" என்று எழுதும்போது அவளுக்கு விரல் வலித்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளை அறிந்தவர்களுக்குத் தெரியும். அது யார் என்று கடைசிவரை தெரியவே இல்லை.

முடிக்கப் போகும்போது சுருளியம்மாள், "இன்னொண்ணு இருக்கு, அதையும் எழுதுங்க" என்றாள்.

"என்னது?"

"மூணு வருசத்துக்கு முன்ன செல்லக்கிளி பிரசவத்துக்கு வந்திருந்தா. ஒரு கைப்பிடி காய மடியில முடிஞ்சு கொண்டாந்தேன்."

ஜெயபாக்கியம் பேனாவைக் கீழே வைத்தாள். "ஒனக்குக் கிறுக்கா? திருடலைன்னு மனு எழுதுறோம். அதுல திருடுனேன்னு எழுதச் சொல்றியா?"

"நானா பேசுனா அதையுந்தான பேசுவேன்? அது இல்லாட்டி அது நானில்லக்கா. போன தடவ மாதிரி வேற யாரோ பேசுற மாதிரி இருக்கும்."

அமாவாசைகூட, "வேணாம் மதினி" என்றான். இது சுருளியம்மாளைக் கவிழ்த்துவிடும் என்று ஜெயபாக்கியத்துக்குப் பயமாக இருந்தது. ஆனால் யாருடைய வாய் என்று முடிவு செய்த பிறகு அந்த வாயைப் பொத்த நமக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. எழுதினாள்.

மறுநாள் இருவரும் வேலுச்சாமி முதலாளியின் காய்க்கடைக்குப் போனார்கள். தரையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கடை முழுக்க ஏலக்காய் வாசனை. முதலாளி மேசைக்குப் பின்னால் இருந்தார். அறுபது வயதிருக்கும். இடுப்பு வலி வந்ததிலிருந்து மலையேறுவது இல்லை. ராஜாராம் எஸ்டேட் விவரம் சொல்ல வந்திருந்தார்.

"வாங்க தாயி. இந்தத் தடவ யாரு மேல எழுதிருக்கீக?" என்றார் முதலாளி.

ஜெயபாக்கியம் வாய் வரை வந்ததை முழுங்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். சுருளியம்மாள்தான் தாளை மேசைமேல் வைத்தாள்.

"சத்தமா வாசிங்க மொதலாளி. போன தடவ என்ன எழுதிருக்குன்னு தெரியாம நின்னேன். இந்தத் தடவ எங் காதால கேக்கணும்."

அவர் புருவத்தைத் தூக்கினார். என்ன நினைத்தாரோ, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே வாசிக்கத் தொடங்கினார். முதலில் சலிப்பாகத்தான் வாசித்தார். நாலு வரி போனதும் குரல் மாறியது.

"நான் மூணாம் நிரையில குத்தவச்சு இருந்தேன். தழைக்குள்ள இருந்தா எனக்குப் பாதையில நிக்கிறவங்க காலு மட்டும்தான் தெரியும். கங்காணி ஐயா ரெண்டு வாட்டி என் பேரைக் கூப்பிட்டாரு. நான் குரல் குடுக்கல. என் கைக்கு ஒரு முழத்துல பூச்சி இருந்துச்சு. நான் மூச்சை அடக்கிக்கிட்டு என் மகளை நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

காய் பொறுக்குகிற கைகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சின்ன வயதில் அவரும் அந்தச் சரிவில் நட்டவர், பறித்தவர்.

"சாக்கை யார் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல. நான் எடுத்தது ஒரே தடவை. மூணு வருசத்துக்கு முன்னாடி நான் ஒரு கைப்பிடி காயைத்..." என்று வந்தவர் சட்டென்று நின்றார். பத்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால், தன் கடையில், தன் குரலில், தான் களவாண்டதாகச் சொல்வதுபோல அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கழுத்து வியர்த்தது. எல்லாம் போச்சு என்று ஜெயபாக்கியம் நினைத்தாள். அவர் தாளை இன்னும் கிட்டே பிடித்து, "திருடினேன். அது தப்பு" என்று கடைசிவரை வாசித்து முடித்தார்.

முதலாளி ராஜாராமைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்கன நின்னு பாத்த?"

"பாதையில நின்னுதான் மொதலாளி."

"பாதையில நின்னா நெரையில இருக்கிற ஆளு தெரியுமாப்பா?"

"கொரல் வரலை மொதலாளி. அதான்..." என்ற ராஜாராம் தரையைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் ஜெயபாக்கியமும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "அந்த ஒரு கைப்பிடி தப்புதான்" என்றார் மெதுவாக.

"தப்புதான் மொதலாளி."

"நாளைக்குக் காலைல ஜீப்புல ஏறிக்க. மத்த தோட்டக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். பொட்டிபுரத்துக்கும் ஆள் விட்டுச் சொல்லச் சொல்றேன். போ."

சுருளியம்மாள் போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வழிந்தது. பொறுக்குகிற பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"இன்னும் என்ன?" என்றார் முதலாளி.

"இன்னொருக்கா வாசிங்க மொதலாளி."

"அதான் வேலை குடுத்தாச்சே."

"வேலைக்குக் கேக்கல. இம்புட்டு வருசத்துல எம் பேச்ச இன்னொருத்தரு பேசி நான் கேட்டதில்ல. ஒரே ஒருக்கா."

ராஜாராம் ஏதோ அதட்ட வந்தார். முதலாளி கையமர்த்திவிட்டு, கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் பேரு சுருளியம்மாள்" என்று ஆரம்பித்தார்.